பார்க்க வாற ஆக்கள்

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான். நீலச் சட்டை போட்ட ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி. கேள்விகள் எல்லாம் அவள் கையில் இருந்தன. நகரசபைக் கவுன்சிலில் இருந்து வந்த சோஷல் வேர்க்கர், கானா நாட்டுப் பெண், பெரியதொரு பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்ரியின் மகள். மகளின் மாமனார், அதாவது அன்ரியின் சம்பந்தி. அன்ரி வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்த நான். கடைசியாகச் சக்கர நாற்காலியில், மாம்பழ நிறச் சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, அன்ரி. மொத்தம் ஆறு பேர்.

ஏழாவதாகவும் ஒருத்தி வந்தாள். மொழிபெயர்க்கவென்று ஆஸ்பத்திரி கூப்பிட்ட தமிழ்ப்பிள்ளை. சம்பந்தி மலேசியாக்காரர், கணக்காளராக இருந்து ஓய்வெடுத்தவர். அவர் அவளைக் கதவடியிலேயே மறித்தார்.

"வேணாம்மா, நாங்கதான் இருக்கோமே. படிக்க வந்த நாள்லேர்ந்து இந்த ஊர்ல இங்கிலிஷ் பேசித்தான் சாப்பிடறேன். நீ போய் வேற யாருக்காச்சும் உதவி பண்ணு."

அவள் போனதில் எல்லோரையும் விட ஆறுதல் அன்ரிக்குத்தான். என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "தமிழ்ப்பிள்ளை எண்டால் நாளைக்கு வெம்பிளி முழுக்கக் கதை" என்று காதுக்குள் சொன்னார்.

அந்தக் கூட்டம் எதற்கென்று எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழையாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போன பிறகும் தாதிமார் இருந்து பராமரிக்க வேண்டிய அளவு பெரிய வருத்தம் என்று அவர்கள் முடிவெடுத்தால், நேர்சிங் ஹோம் செலவு முழுவதையும் அரசாங்க வைத்தியப் பக்கமே ஏற்றுக்கொள்ளும். ஒரு சதம் கேட்காது. இல்லை, இது வயது போனால் வாற தளர்ச்சிதான், குளிக்க வார்க்கவும் உடுப்பு மாற்றவும் ஆள் இருந்தால் போதும் என்று முடிவெடுத்தால், விஷயம் கவுன்சிலின் கைக்குப் போய்விடும். கவுன்சில் முதலில் வங்கிக் காசைப் பார்க்கும், பிறகு வீட்டைப் பார்க்கும், விற்றுக் கட்டச் சொல்லும்.

அன்ரியின் வங்கியில் பெரிதாக ஒன்றும் இல்லை. வீடு இருந்தது. கிங்ஸ்பரியில், சாண்ட்விச் பக்டரியில் அவர் இரவு ஷிப்டும் புருஷன் பகல் ஷிப்டுமாக நின்று, ஒருவரை ஒருவர் வாசலில் மட்டும் கண்டு, அப்படி வாங்கின வீடு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் லெஸ்டரில். அந்த வீட்டில் அவரோடு இருந்தது நான் ஒருத்திதான், வீட்டை விட்டுவைக்கிற கணக்கில் வாடகைக்காரி வரமாட்டாள். ஆகவே அந்த அறைக்குள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அந்த வீட்டைப் பற்றின கேள்விதான். சோஷல் வேர்க்கர் இதை முன்கூட்டியே மகளுக்கு விளங்கப்படுத்தியும் இருந்தாள். நல்ல நாளைச் சொல்லாதீர்கள், மோசமான நாளைச் சொல்லுங்கள் என்று.

மோசமான நாளைச் சொல்லட்டாம். அன்ரியிடம்.

அன்ரி எப்படிப்பட்டவர் என்று சொல்லப் போனால் ரெலிபோனில் இருந்துதான் தொடங்க வேண்டும். ரெலிபோன் அடித்தால் அவர் முதலில் தலை வாருவார். நெற்றியைத் தடவிப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். சேலைத் தலைப்பை இழுத்துவிடுவார். அதற்குள் பாதி நேரம் மணி நின்றுவிடும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பதற்றம் பிடிக்கும். நான் மணி அடித்தாலே ஊரில் யாருக்கோ என்னவோ என்று நெஞ்சு இடிக்கிறவள்.

"அன்ரி, ரெலிபோனுக்குள்ளால ஆக்களுக்கு உங்கட தலை தெரியுமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்தானே" என்றார்.

நான் அறை கேட்டுப் போன முதல் நாளும் அப்படித்தான். நான் பாரிசில் சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்திருந்தேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைக் கழுவிக் கொடுக்கிற இடமொன்றில் வேலை. அன்ரி என் வேலையையோ ஊரையோ கேட்கவில்லை. முன்னறையில் இருத்தி, தங்கக் கரை போட்ட கோப்பையில் தேத்தண்ணீர் தந்துவிட்டுச் சொன்னார்.

"ஆர் கேட்டாலும் நீ என்ர சொந்தக்காரப் பிள்ளை. வாடகை எண்டு வாய் திறக்காதை. காசுக்காக அறை குடுத்ததெண்டு ஆக்கள் நினைப்பினம்."

"காசுக்குத்தானே அன்ரி குடுக்கிறியள்?"

"ஓம். அது எனக்கும் உனக்கும் தெரிஞ்சாக் காணும்."

அதற்குப் பிறகு நான் அந்த முன்னறையில் இருந்ததே இல்லை. அது பார்க்க வாற ஆக்களுக்குரிய இடம். அன்ரியும் இருக்க மாட்டார். குசினி மேசையடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதுதான் அவருக்கு. முன்னறை ஒவ்வொரு நாளும் துடைக்கப்பட்டு யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கும். காஸ் மீற்றர் பார்க்க வந்த பெடியனையும் அதற்குள் இருத்தித் தேத்தண்ணீரும் வடையும் கொடுத்தார். அவன் அடுத்த முறை வந்தபோது மீற்றரைப் பார்க்கும் முன்பே சோபாவைப் பார்த்தான்.

மாசி மாதம் லண்டன் முழுக்கப் பனி கொட்டி பஸ் நின்ற நாளில், குப்பைப் பையை வெளியே வைக்கப் போய் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். நான் ஓடி வந்து கோறிடோருக்குள் இழுத்து வைத்தேன். இழுத்தது பிழை என்று பிறகு சொன்னார்கள். இன்றைக்கும் அது எனக்கு ஒரு பயம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. முகம் சாம்பலாகிவிட்டது. அம்புலன்சுக்கு அடித்துச் சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன்.

"பிள்ளை, அந்தச் சப்பாத்துகளை எடு."

"எந்தச் சப்பாத்து?"

"கதவடியில குவிஞ்சு கிடக்குதே, அதுகள். வாறவங்கள் தடக்குப்படுவாங்கள். எடுத்துப்போட்டு மேல போய் நல்ல சால்வையைக் கொண்டு வா. பச்சையை இல்லை, மற்றது."

அம்புலன்ஸ்காரர் வரும்போது சப்பாத்துகள் அடுக்கப்பட்டு, நல்ல சால்வை போர்த்தப்பட்டு, தலை வாரப்பட்டு, எலும்பு முறிந்தபடி கிடந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க, "பைன், தேங்க் யூ" என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இனி நான் சொல்ல வருவது அன்ரி யாருக்கும் சொல்லக்கூடாது என்ற விஷயம். அதனால்தான் அவர் பெயரையும் தெருவையும் எழுதவில்லை.

விழுவதற்கு ஒரு வருடத்துக்கு மேலாகவே அன்ரிக்கு இரவில் படுக்கை நனையும். சில இரவுகளில் ஆளும் குழம்பிப் போவார். பக்டரி வான் வந்து நிற்கிறது, என்ர தொப்பி எங்கை என்று கேட்டு எழும்பி நடப்பார். விடிந்தால் ஒன்றும் நினைவில்லாத முகம். ஆனால் விரிப்பு மட்டும் கழற்றிச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் இருக்கும். முதல் நாள் அதைக் கண்டு நான் ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனேன். விரிப்புக் கழுவுவது எனக்குத் தொழில். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணீர், இல்லாவிட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பின் வளவுக் கொடியில் காயப்போட அவர் விடவில்லை. பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண் ஒவ்வொரு நாளும் ஒரு விரிப்புத் தொங்குவதைக் கண்டால் கணக்குப் போட்டுவிடுவாளாம். ஆகவே என் அறைக் கதவின் மேல் காயும். என் அறை எப்போதும் ஈரமாக இருந்தது.

டொக்டரிடம் சொன்னால் மருந்தும் தருவார்கள், படுக்கை நனையாமல் இடுப்பில் கட்டுகிற பஞ்சும் கவுன்சிலுக்கால் சும்மா வரும் என்று வேலையிடத்தில் ஒருத்தி சொன்னதை நான் வந்து சொன்னேன்.

"டொக்டர் ஆர்? எங்கட ஊர்ப் பெடியன். அவன்ர தாய் கோயில்ல எனக்குப் பக்கத்தில இருந்து கதைக்கிறவ. நல்ல யோசினை சொன்னாய்."

ஆகவே டொக்டரின் கொம்பியூட்டரில் ஒன்றும் ஏறவில்லை. மகளுக்கும் தெரியாது. லெஸ்டரில் இருந்து அவள் வருகிற நாட்களில் அன்ரி இரவு முழுக்கக் கதிரையில் இருப்பார், படுக்கவே மாட்டார். "அம்மா சரியான பெலம், என்னை விட முந்தி எழும்பி நிக்கிறா" என்று அவள் எனக்குப் பெருமையாகச் சொல்லுவாள்.

பஞ்சு வாங்குவது என் வேலை. அதற்கு எங்களிடையே பெயர் இல்லை. "அது முடிஞ்சுது" என்பார், மடித்த தாளொன்றைக் கையில் வைப்பார். வெம்பிளியில் வாங்கக் கூடாது. கிங்ஸ்பரி என்ற பேச்சே இல்லை. ஒருமுறை ரயில் மாறி மாறித் தெற்கே போனேன். ரூட்டிங்கில் எங்கட ஆக்கள் நிறைய என்று தெரியும். அதனால் கெட்டித்தனமாக ஒரு ஸ்டேசன் தாண்டி, கோலியர்ஸ் வுட்டில் இறங்கி, மருந்துக் கடையொன்றுக்குள் போய் இரண்டு பக்கெற் எடுத்துக் காசு கொடுக்குமிடத்தில் வைத்தேன். அங்கே நின்ற பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, பாக் ஒண்டு தரட்டோ?" என்றாள்.

"எனக்கில்லை, வேலை செய்யிற இடத்துக்கு" என்றேன்.

"ஓம் அக்கா, எல்லாரும் அப்பிடித்தான் சொல்றவை" என்று சிரித்து, வெளியே தெரியாத கறுத்தப் பைக்குள் போட்டுத் தந்தாள். நல்ல பிள்ளை. இதை நான் அன்ரிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த தரம் ஸ்கொட்லாந்துக்கு அனுப்பியிருப்பார். அன்றைக்கு அவர் தந்தது இருபது பவுண்ட் தாள். மிச்சத்தைக் கொடுக்கும் முன் பனி கொட்டி, அவர் விழுந்து, மிச்சக் காசு என் குளிர்ச்சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தும் அவர் தேறவில்லை. முதுகில் படுக்கைப் புண். காய்ச்சல் வந்து போய் வந்தது. வார்டில் படுக்கை நனைந்ததைத் தாதிமார் கண்டார்கள்தான். அது சத்திரசிகிச்சையின் குழப்பம், புது இடம், மருந்து, போகப் போகச் சரியாகலாம் என்று நினைத்தார்கள். அதற்கு முன் வீட்டில் எப்படி என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

கூட்டம் சித்திரை மாதம். ஊரில் சண்டையை நிப்பாட்டச் சொல்லி எங்கட ஆக்கள் இரவு பகலாகப் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் இருந்த நாட்கள். வார்டுக்கு வருகிற ஒன்றிரண்டு பேரும் அங்கிருந்து நேரே வந்து, செருமிச் செருமி ஊரில் நடப்பதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கூட்டத்துக்கு முதல் நாள், உள்ளதைச் சொல்லுவோமா அன்ரி, வீடெல்லே போகப்போகுது என்று நான் மெல்லக் கேட்டேன்.

"அங்கை சனம் பங்கருக்குள்ள கிடக்குது. நான் இஞ்சை வெள்ளைக்காரிக்கு முன்னால இருந்து என்ர மூத்திரத்தைப் பற்றிக் கதைக்கிறதோ?" என்றார். பிறகு, "சம்பந்தியும் வாறார்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. "மாம்பழச் சேலையைக் கொண்டு வா. பிளாஸ்க்கில தேத்தண்ணி. பத்துப் பன்ரண்டு றோல்ஸும் பொரிச்சுக்கொண்டு வா, சும்மா இருந்து பாத்துக்கொண்டு போகேலாது அவை."

காலையில் திரைக்குப் பின்னால் அந்தச் சேலையைக் கட்டிவிட நானும் ஒரு தாதியும் பட்டபாடு. ஆஸ்பத்திரிச் சட்டையோடு வரலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அன்ரிக்கு விளங்காத இங்கிலிஷ் அது ஒன்றுதான்.

கூட்டத்தில் சம்பந்திதான் கேள்விகளைத் தமிழாக்கினார். நல்ல மனுஷன். அன்ரிக்கு உதவி செய்ய வேண்டும் என்றுதான் வேலை மெனக்கெட்டு வந்திருந்தார். சாப்பாடு, பேச்சு, மருந்து என்று கேள்விகள் ஓடின. எல்லாவற்றுக்கும் அன்ரி, "ஏலும்" என்றார். எழும்பி நிற்க ஏலுமா என்று கேட்டார்கள். வார்டில் இரண்டு பேர் பிடித்துத்தான் எழுப்புவார்கள். அன்ரி இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி, மூச்சை அடக்கி, தனியே எழும்பி நின்றார். நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சேலைக் கரைக்குக் கீழே அவருடைய குதிக்கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் கீழே பார்த்துக்கொண்டு இருந்ததால் தெரிந்தது.

"பாத்தீங்களா! வெரி இண்டிபெண்டன்ட் லேடி" என்றார் சம்பந்தி. மகளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோசக் கண்ணீர்.

"பிள்ளை, அவைக்குத் தேத்தண்ணியை ஊத்தன்" என்றார் அன்ரி இருந்துகொண்டு. நான் ஊற்றினேன். சோஷல் வேர்க்கர் றோலைக் கடித்துவிட்டு, யார் செய்தது, மிக ருசி என்றாள். அது அன்ரியின் முன்னறை போலவே ஆகிவிட்டது.

பிறகுதான் தாதி அதைக் கேட்டாள். வார்டில் இரவில் படுக்கை நனைகிறது, வீட்டிலும் முன்பு அப்படி இருந்ததா என்று. எனக்கு இங்கிலிஷ் குறைவு. ஆனால் நனைந்த படுக்கை, கறை, விரிப்பு, இந்த இங்கிலிஷ் எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சலவைக்கூடத்தில் அது தவிர வேறென்ன பேச்சு.

சம்பந்தி செருமினார். சட்டைக் கைப்பட்டனைத் திருகினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "சம்பந்தியம்மா, வீட்ல ராத்திரி நல்லா தூங்குவீங்களான்னு கேக்கறாங்க" என்றார்.

"ஓம், நல்ல நித்திரை" என்றார் அன்ரி.

அவர் தாதியின் பக்கம் திரும்பி, வீட்டில் அப்படி ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை என்று இங்கிலிஷில் சொன்னார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். மகனின் மாமியாரிடம் அதை அவர் எப்படிக் கேட்பது? எந்தத் தமிழில் கேட்பது? மகள் இங்கேயே படித்தவள், கேள்வி மாறியது அவளுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். அவள் தலையைக் குனிந்து தன் மோதிரத்தைப் பார்த்தாள். நாலு பேருக்கு முன்னால் மாமனாரைத் திருத்த முடியுமா? தாதி பேனையோடு அடுத்த கேள்விக்குப் போனாள். அந்த அறைக்குள் ஒரு கேள்வி விழுந்து கிடந்தது. எங்களில் ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. நான் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். என் பெயரைக் கேட்டு எழுதினால் அது எங்கெங்கே போகும், வாடகைக்கு ரசீது இருக்கிறதா என்று கேட்பார்களா என்றெல்லாம் என் மூளை தனக்குத்தானே ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்து வார்டுக்குக் கொண்டுபோய்த் திரையை இழுத்துச் சேலையை அவிழ்த்தேன். இடுப்புக்குக் கீழே முழுவதும் நனைந்திருந்தது. எந்தக் கேள்வியில் நனைந்ததோ. அப்படியே இருந்து சிரித்திருக்கிறார்.

"ஒருத்தருக்கும் தெரியேல்லைத்தானே?" என்றார்.

"இல்லை அன்ரி."

"அப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டார். களைத்த முகம், ஆனால் வேலை முடித்துவிட்டு வந்த முகம்.

சேலையைச் சுருட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். லிப்டடியில் சோஷல் வேர்க்கர் நின்றாள். தனியாகத்தான் நின்றாள். என்னைக் கண்டு, எனக்கு விளங்கட்டும் என்று சொல் சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். நீதானே அவவோடு அந்த வீட்டில் இருக்கிறாய்? எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

பை என் கையில் இருந்தது. அதைத் திறந்து காட்டினால் போதும், இங்கிலிஷே தேவையில்லை.

"நோ. ஷி இஸ் வெரி கிளீன் லேடி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாளோ தெரியாது. லிப்ட் வந்தது. பஸ்ஸில் பையைக் காலடியில் வைத்து, வாசம் வருகிறதா, வருகிறதா என்று பயந்துகொண்டு கிங்ஸ்பரி வரைக்கும் வந்தேன்.

முடிவு, வைத்தியப் பக்கம் ஏற்காது என்று வந்தது. அன்ரி நேர்சிங் ஹோமுக்குப் போனார். தொடக்கத்தில் சில கிழமைகள் வீட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்கள். விற்பனைப் பலகை வாசலில் நட்டாயிற்று.

ஹோமிலும் புண் ஆறவில்லை, இரவுக் குழப்பமும் நிற்கவில்லை. மகளுக்கு இப்போது சந்தேகம். ஒருநாள் கட்டிலருகே வைத்து என்னைக் கேட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. விழ முந்தியும் அம்மாவுக்கு இப்பிடி இருந்ததோ? இருந்ததெண்டால் திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேக்கலாமாம். நீங்கள் ஒரு ஆள் சொன்னாக் காணும்."

அன்ரி நித்திரை போலக் கிடந்தார். போர்வைக்குக் கீழே அவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கைக்கு அவ்வளவு பெலம் எங்கிருந்து வந்ததோ.

"இல்லை தங்கச்சி. எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பிறகுதான்" என்றேன். கை விட்டது.

மகள் வெளியே போனதும் அன்ரி கண்ணைத் திறந்தார். நன்றி சொல்லவில்லை. வீட்டைப் பார்க்க ஆக்கள் வரப்போகிறார்கள் என்பதுதான் அவர் கவலை.

"முன்னறைச் சோபா உறையை மாத்து. யன்னலைத் திறந்து வை. ரீ குடு, தங்கக் கரையில குடு. மற்றது, பிள்ளை…"

"என்ன அன்ரி?"

"என்ர மெத்தை. அவை மேல வர முந்தி அதை எறிஞ்சுபோடு."

நான் தனியாக அந்த மெத்தையைப் படியால் இழுத்து இறக்கினேன். விரிப்பில் கறை விடாமல் கழுவத் தெரிந்த எனக்கு மெத்தையைக் கழுவ வழி தெரிந்திருக்கவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒரு வருடம் முழுவதும் அதில் இருந்தது. அதைக் கண்டிருந்தால் எந்தத் தாதிக்கும் கேள்வி கேட்கத் தேவையில்லை. கவுன்சில் லொறி வந்து ஏற்றும் வரைக்கும், கறைப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, விற்பனைப் பலகைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். குஜராத்திப் பெண் எட்டிப் பார்த்து, புது மெத்தை வாங்குகிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். அதுவும் ஒரு பொய்.

பார்க்க வந்தவர்கள் முன்னறை நல்ல வெளிச்சம் என்றார்கள். வீடு போய்விட்டது. நான் அல்பேட்டன் பக்கம் வேறொரு அறைக்கு மாறினேன். அந்த அறையும் ஏனோ எனக்கு ஈரமாகவே பட்டது.

அந்த மிச்சக் காசை மட்டும் நான் விடவில்லை. வார்டில் கொடுக்கப் பார்த்திருந்தேன், பக்கத்துக் கட்டிலில் ஒரு தமிழ் அம்மா காதை இங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். ஹோமில் ஒருநாள் அன்ரியின் கையில் வைக்கப் போன நேரம் சம்பந்தி பழப் பையோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா காசு அது? சம்பந்தியம்மாட்ட கடன் வாங்கினியா?" என்று பகிடியாகக் கேட்டார்.

நான் அன்ரியைப் பார்த்தேன். அன்ரி தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு என்னை, யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"என்ன காசு? பிள்ளை என்னட்டை ஒண்டும் வாங்கேல்லை. ஆற்றையோ காசை மாறி எடுத்துக்கொண்டு வந்திட்டுது" என்றார். பிறகு சம்பந்தியிடம், "இருங்கோ, ரீ குடிக்கிறியளே?" என்றார்.

அடுத்த வருடம் மாரிக்கு முன்னம் அன்ரி போய்விட்டார். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். மாம்பழ நிறச் சேலை. அந்தச் சேலைதான், நான் கழுவி மடித்து மகளிடம் கொடுத்திருந்தேன், ஒரு அடையாளமும் இல்லாமல். தலை நன்றாக வாரியிருந்தது. வெம்பிளி முழுக்க வந்திருந்தது. எவ்வளவு துப்புரவான மனுஷி, கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லை என்று எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள். என் முறை வந்தது. பூவைப் போட்டேன். மற்றக் கை குளிர்ச்சட்டைப் பைக்குள், காசின் மேல் இருந்தது. பூவோடு பூவாக வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பின்னால் ஆக்கள் நின்றார்கள். ஏன் காசு வைக்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? கையை எடுக்காமல் நகர்ந்துவிட்டேன்.

அன்ரிக்கு நான் கொடுக்க வேண்டியது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பதினொரு பவுண்ட் நாற்பத்திரண்டு பென்ஸ்.